ஒரு நாளைக்கு மூன்று கிளிக்

அன்று மாப்பிள்ளையூரணி வேதமணி நினைவு மண்டபத்தின் அலுவலக அறைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மண்டபத்துக்கு நிலம் கொடுத்த வேதமணி ஐயாவின் பேரனும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான ஜெயசிங். அவருடைய மகள் ஷீஜா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. மண்டபத்தை நடத்தும் மன்றத்தின் தலைவர் ராமானுஜன். அரசாங்கத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். மன்றத்தின் செயலாளர் கிருபாநிதி. மன்றத்துக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்த பெவின். இடுப்பில் சாவியோடு வாட்ச்மேன் சுடலைக்கண்ணன். ஏழாவதாக எவரும் இல்லை.

தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு முத்தையாபுரம் வரைக்கும் மூன்று பேர் திரிகிறார்கள். அவர்கள் பேச்சை நம்ப வேண்டாம். பகல் பதினொன்றேகாலிலிருந்து மாலை ஐந்து மணி வரை அந்த அறைக்குள் யாரும் போகவில்லை, உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை. கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருந்த எவரும் வாயைத் திறந்தால் முதலில் அந்தப் பூட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த மூன்று பேரும் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நடந்தது இதுதான்.

ஷீஜாவுக்கும் சாத்தான்குளம் செல்வினுக்கும் பிப்ரவரி பன்னிரண்டில் கல்யாணம். கோயிலில் சபையாருக்கு முன் மணமக்கள் பெயரை வாசித்து ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் ஓலை, இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. தேதியைத் தள்ளவும் வழியில்லை. அதற்கு அடுத்த வாரமே லெந்து என்னும் தவக்கால நாட்கள் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் கழியாமல் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அழைப்பிதழ் தொள்ளாயிரம் அடித்து, எழுநூறுக்கு மேல் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது. அத்தனையிலும் விருந்து வேதமணி நினைவு மண்டபத்தில் என்று தங்க எழுத்தில் இருக்கிறது. சம்பந்தி ஒருமுறை, ஒரே ஒருமுறை, "மண்டபம் உறுதிதானே?" என்று கேட்டார். "எங்க தாத்தா மண்டபம்" என்று சொல்லி ஜெயசிங் காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த மண்டபத்துக்கு விண்ணப்பம் போட்டதில்லை. தேதியைச் சொல்வார்கள். செயலாளர் தலையாட்டுவார். ஜெயசிங்கின் கல்யாணம், தங்கைமார் மூவரின் கல்யாணம், எல்லாம் அப்படி ஆட்டிய தலையில் நடந்தவைதான். இந்தத் தேதியையும் நவம்பரிலேயே சொல்லிவிட்டார். கிருபாநிதியும் தலையாட்டினார். ஆனால் ஜனவரி முதல் தேதி, பழைய பதிவு நோட்டுக்கு மாலை போட்டு, பட்டுத் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துவிட்டார்கள். இனி எல்லாம் இணையதளம் வழியாகத்தான், தலையாட்டல் செல்லாது.

ஜெயசிங் வீட்டில் இருந்தபடி மூன்று நாள் முயன்று பார்த்தார். மூன்று நாளும் தோற்றார். நான்காம் நாள் காலையில் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரி 12 இதுவரை பதிவாகவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவாகாவிட்டால், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியே நோட்டில் எழுதிக் காத்திருக்கும் ஆறுமுகநேரி உப்பள ஒப்பந்தக்காரரின் பேரக்குழந்தைகள் காதுகுத்து விழாவுக்கு அந்தத் தேதி போய்விடும்.

ஜெயசிங் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மகளையும் அழைத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

அலுவலக அறையின் சுவரில் தாத்தா இருந்தார். மூன்றடி உயரம், இரண்டடி அகலம். தலைப்பாகை, கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு, மேஜைமேல் கிடந்த தடித்த புத்தகத்தில் வலது கை. ஜெயசிங் எப்போதும்போலக் காலரைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். மன்றம் இணையதளம் தொடங்கப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, இரண்டு வருஷத்துக்கு முன், அவர் மூன்று பக்கத்துக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தார். என் பாட்டனாரின் படம் மண்டபத்தில் உள்ள அளவுக்கு ஓர் அங்குலமும் குறையாமல் இணையதளத்திலும் இடம்பெற வேண்டும்; அதன்மேல் எழுத்தோ கோடோ பொத்தானோ படலாகாது என்று. மன்றம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டு பதில் எழுதியது. அந்தப் பதிலை அவர் கோயில் பாட்டுப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். அந்த மன்றம் அவருக்கு ஒழுங்காகச் செய்துகொடுத்த காரியம் அது ஒன்றுதான்.

"வாங்க ஸார், வாங்க. உக்காருங்க" என்று கிருபாநிதி நாற்காலியைத் துடைத்தார். "ஏலே சுடலை, கதவைப் பூட்டு."

"கதவை எதுக்குப் பூட்டணும்?" என்றாள் ஷீஜா.

"இங்க பாரும்மா. இதுவரைக்கும் நம்ம தளத்துக்கு இருநூத்திப் பதினோரு பேரு வந்திருக்காவ. அம்புட்டுப் பேரும் பக்கம் தொறந்த பத்து செகண்டுல வெளிய போயிட்டாவ. பெவின்தான் கணக்கெடுத்துக் குடுத்தான். மன்றத்துக்கு இது எவ்வளவு பெரிய அவமானம். வந்தவுக உடனே வெளியேறாம இருக்கணும்னா என்ன செய்யணும்னு கமிட்டியில ரெண்டு நாள் பேசுனோம். பூட்டணும்னு முடிவாச்சு."

"அது இணையதளத்துக்கு இல்லையா?"

"அதுக்குப் பூட்டு கெடையாதுன்னு பெவின் சொல்லிட்டான். அறைக்கு இருக்குல்லா."

பெவின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுடலைக்கண்ணன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். "‘நன்றி, மீண்டும் வருக’ன்னு பெட்டியில எழுத்து வந்தாத்தான் தொறக்கணும்னு உத்தரவு" என்று ஜெயசிங்கிடம் பணிவாகச் சொன்னார். "எனக்கு வாசிக்கத் தெரியும் ஸார்."

தலைவர் ராமானுஜன் எழுந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாவது பார்வையாளர் என்ற முறையில் ஜெயசிங்குக்குப் பொன்னாடை போர்த்தினார். அங்கே கேட்பதற்கு ஐந்து பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் கதவோரம் நின்றார். இருந்தாலும் தலைவர் ஒலிவாங்கி இருப்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல இணையதளத்தின் அடிப்படை விதிகள் என்று பெவின் ஏழு விதிகளை எழுதிக் கொடுத்தார். நாங்கள் அவற்றை அப்படியே ஏற்கவில்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்பதென்றால் பிறகு மன்றம் எதற்கு? பதினான்கு கூட்டங்கள் நடத்திச் செம்மைப்படுத்தினோம். முதல் விதி, ஒரு பக்கம் மூன்று நொடிக்குள் திறக்க வேண்டும். எங்கள் பக்கம் திறக்க நான்கு நிமிடம் ஆயிற்று. படங்களைக் குறைக்கச் சொன்னார் பெவின். நாங்கள் யாருடைய படத்தைக் குறைப்பது? பக்கம் முழுதும் திறந்து முடிந்த பிறகே மூன்று நொடியை எண்ணத் தொடங்க வேண்டும் என்று விதியைத் திருத்தினோம். அன்று முதல் எங்கள் தளத்தில் ஒரு நாளும் தாமதம் ஏற்பட்டதில்லை."

கிருபாநிதி கைதட்டினார்.

"இரண்டாம் விதி. பார்வையாளர் தேடி வந்ததை மூன்று கிளிக்குக்குள் அடைந்துவிட வேண்டும். நல்ல விதி. ஆகவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று கிளிக் என்று வரையறுத்தோம். மூன்றுக்கு மேல் அழுத்தினால் மறுநாள் காலை வரை தளம் அவருக்குத் திறக்காது. அளவில்லாமல் விட்டால் மக்கள் அழுத்திக்கொண்டே இருப்பார்கள் என்பது நான் அரசுப் பணியில் கண்ட உண்மை."

"மூணு நாளா மொதப் பக்கத்துலயே அதுதான் நடந்துச்சா" என்றார் ஜெயசிங். "நான் என் கண்ணாடியில கோளாறுன்னுல்லா நெனச்சேன்."

"கோளாறு இல்லை. விதி."

மூன்றாம் விதியைத் தான்தான் விளக்குவேன் என்று கிருபாநிதி முன்னால் வந்துவிட்டார். பக்கத்தில் ஆங்காங்கே வெற்றிடம் விட வேண்டும், அப்போதுதான் படிப்பவர் கண் இளைப்பாறும் என்பது அந்த விதி.

"ரெண்டு பக்கமும் வெள்ளையா விட்டிருந்தான் ஸார். இது யாருக்குலே விட்டிருக்கன்னு கேட்டேன். யாருக்கும் இல்ல அண்ணாச்சி, கண்ணுக்குன்னான். கண்ணுக்கு எதுக்குலே எடம்? இந்த மண்டபத்துக்குப் பின்னால நாலு சென்ட் இப்படித்தான் சும்மா கெடந்துச்சு. மூணே வருசம். இப்ப அங்கன ஒரு பரோட்டாக் கடை, ஒரு பங்ச்சர் கடை. கோர்ட்டுல கேசு நடக்கு. வெள்ளை எடம் விட்டா என்ன ஆகும்னு எனக்குப் பாடம் நடத்துதான்."

ஆகவே வெற்றிடம் முழுவதையும் மன்றம் முன்கூட்டியே நிரப்பிவிட்டது. பந்தல்காரர், சமையல்காரர், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர் வாடகை என்று ஆளாளுக்கு அளந்து கொடுத்து ஒப்பந்தமும் போட்டாயிற்று. கொடுத்தும் மிச்சமிருந்த பத்தொன்பது இடங்களில், இங்கு விளம்பரம் செய்யாதீர் என்று சிவப்பில் எழுதினார்கள்.

"நாலாவது, எல்லாப் பக்கமும் ஒரே சீரா இருக்கணும். அதனால எல்லாப் பக்கத்தையும் ஒரே பக்கமா ஆக்கிட்டோம். அஞ்சாவது, வாரவுகளுக்குத் தாங்க எங்க இருக்கோம்னு தெரியணும். நீங்கள் மாப்பிள்ளையூரணியில் இருக்கிறீர்கள்னு மேல எழுதியிருக்கோம்" என்று தொடர்ந்தார் கிருபாநிதி.

"அமெரிக்காவுல இருந்து பாத்தா?" என்றாள் ஷீஜா.

"அங்கன இருந்து பாத்தாலும் அதான் வரும். நம்ம ஊர் பெருமை."

ஆறும் ஏழும் இன்னும் துணைக்குழுவில் இருப்பதாகத் தலைவர் அறிவித்தார். மணி பன்னிரண்டு ஐம்பது.

கணினியைத் திறந்தார்கள். முகப்புப் பக்கம் வர நான்கு நிமிடம். வந்ததும், நிர்வாகிகள், முன்னாள் நிர்வாகிகள், ஆலோசகர்கள் என்று நாற்பத்து மூன்று பெயர்கள் பட்டங்களோடு மேலிருந்து கீழே இறங்கின. ‘உள்ளே செல்க’ என்ற பொத்தான் எல்லாப் பெயருக்கும் அடியில் இருந்தது. தன் பெயருக்கு மேலே ஒரு பொத்தான் நிற்பதை யார்தான் ஒப்புக்கொள்வார். பெவின் அவசரமாகக் கீழே இறக்கப் பார்த்தான். ஜெயசிங் விடவில்லை. முப்பத்தைந்து வருஷம் வருகைப் பதிவேடு வாசித்த மனிதர். ஒரு பெயரை வாசிக்காமல் விட அவரால் முடியாது. இருபத்தெட்டாம் பெயரில் நிறுத்தினார்.

"இவன் என்கிட்டப் படிச்சவன். பி.எட். முடிக்கவே இல்லையே."

"அதனாலதான் பட்டத்துக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கு" என்றார் கிருபாநிதி.

"நட்சத்திரத்துக்கு விளக்கம்?"

"கீழ இருக்கும். எழுத்து நீலம், அடியிலயும் நீலம். நம்ம கடலுக்காகப் போட்டது. உத்துப் பாத்தாத் தெரியும்."

ஜெயசிங் முதல் கிளிக்கைச் செலவிட்டார்.

நான்கு நிமிடத்தில் பதினொரு பொத்தான்கள் வந்தன. ஒரே அளவு, ஒரே நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு கமிட்டி உறுப்பினர் பெயர். மண்டபப் பதிவு என்று எதுவும் இல்லை.

"பதிவு எதுல?" என்றாள் ஷீஜா.

"எல்லாத்துலயும். எதை அழுத்துனாலும் ஒரே பக்கம்தான் வரும். நாலாவது விதி சொன்னேன்லா."

"அப்பப் பதினொண்ணு எதுக்கு?"

"பதினோரு பேரு இருக்கோமே, தாயி."

ஜெயசிங்கின் விரல் காற்றில் நின்றது. தலைவர் லேசாகச் செருமினார். கிருபாநிதி தன் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதைப் பார்வையாலேயே காட்டினார். ஒருவர் பெயரை அழுத்தினால் மற்றவர் முகத்தில் நாளைக்கு முழிக்க வேண்டும். கல்யாணத்துக்கு இருவருமே வேண்டும். ஜெயசிங் சற்று யோசித்து, சென்ற வருஷம் காலமான பொருளாளரின் பெயரை அழுத்தினார். யாருக்கும் வருத்தமில்லை. இரண்டாவது கிளிக்கும் போயிற்று.

திரை கறுத்தது.

நான்கு நிமிடம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. இரண்டு மணிக்கும் திரை கறுப்பாகவே இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் கரண்டையும் குறை சொல்ல முடியவில்லை. சுடலைக்கண்ணன் மூலையில் திரும்பி உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்தார். நெத்திலிக் குழம்பின் வாசம் அறையைச் சுற்றி வந்தது.

"என்னைய மட்டும் விடுங்க" என்றாள் ஷீஜா. "ரெண்டரைக்கு ஒரு கப்பலுக்குப் பேப்பர் குடுக்கணும். நான் வந்த ஆள்கூட இல்ல, கூட வந்த ஆள்."

"வெளிய போனா அதுவும் கணக்குல ஏறிரும்மா" என்றார் கிருபாநிதி.

"எனக்கு விதி தெரியாது, சாவி மட்டும்தான்" என்றார் சுடலைக்கண்ணன், திரும்பாமலே.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி ஆபீஸுக்குப் போன் செய்தாள். ஓட்டப்பிடாரம் போகும் பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றி, போயிற்று. உள்ளே இருந்தவர்களில் ஜெயசிங் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று மணி ஆனபோது, சம்பந்தி வீட்டில் காப்பி டம்ளரை நகர்த்தியது அவருக்கு நினைவு வந்தது. அப்படி நகர்த்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கலாம்.

தலைவர் இரண்டு முறை எழுந்து இரண்டு முறை உட்கார்ந்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காலையிலிருந்து மூன்று செம்பு தண்ணீர் குடித்திருந்தார். கழிப்பறை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுடலைக்கண்ணன் அவரைப் பார்த்தார். தலைவர், "விதி எல்லாருக்கும் பொது" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, கவனத்தை மாற்றுவதற்காகப் பேசத் தொடங்கினார்.

"இந்தக் கறுப்பைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். நாம் முத்துக்குளித்துறை மக்கள். முத்து கரையிலா கிடக்கிறது? மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துப் பாகம் ஆழத்துக்குப் போனவனுக்கு ஒரு கூடைச் சிப்பி. அதில் முத்து இருந்தால் அவன் அதிர்ஷ்டம். மற்ற ஊர்த் தளங்களில் வேண்டியதெல்லாம் கண்முன்னாலேயே கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், நன்றி உணர்வே இல்லை. எங்கள் தளத்தில் ஒரு தகவலைப் பெற்றவர் அதை வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டார். இதுவரை யாரும் பெறவில்லை. அது வேறு விஷயம்."

கடைசி வாக்கியத்தை அவசரமாகச் சொல்லி முடித்தார். மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றரை மணிக்கு ஷீஜா பெவினிடம் வந்தாள். "பெவின் அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பெட்டி ஆஃப் ஆகிக் கெடக்குதா?"

பெவின் செயலாளரைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், கடைசியில் சுவரைப் பார்த்தான்.

"ஆஃப் ஆகல. பக்கம் அப்பவே தொறந்துட்டு."

"பெறகு எங்க?"

"இதான் பக்கம். இது தாத்தாவோட கோட்டு."

யாருக்கும் புரியவில்லை. பெவின் கீழே இறக்கினான். கறுப்பு மெதுவாக மேலேறியது. வட்டமாக, மஞ்சளாக ஏதோ பளபளத்து வந்து நடுவில் நின்றது. ஒரு ரூபாய்க் காசு அளவில், விளிம்பில் கீறலோடு ஒரு பித்தளைப் பொத்தான். ஜெயசிங்குக்கு அந்தக் கீறல் தெரியும். அந்தக் கோட்டு அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு இருக்கிறது.

"மூணடிக்கு ரெண்டடி ஸார்" என்றான் பெவின். "இந்தத் திரை பதினஞ்சு இஞ்ச். தலைப்பாகை எங்கனயோ மேல இருக்கு. மண்டபப் பதிவு செய்யுற பொத்தான் படத்துக்கு அடியில மாட்டிக்கிட்டு, எவ்வளவு எறக்குனாலும் தெரியாது. மொதல்ல மேலதான் வச்சிருந்தேன். படத்து மேல எதுவும் படக்கூடாதுன்னு லெட்டர் வந்துச்சு."

"யாரு லெட்டர்?" என்று ஷீஜா கேட்டாள். கேட்டவுடனே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. அப்பா பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

கிருபாநிதி கோப்பை எடுத்துப் பிரித்து மரியாதையோடு மேஜையில் வைத்தார். மூன்று பக்கம். அச்சு எழுத்தைத் தோற்கடிக்கும் கையெழுத்து. அதன் ஓரத்தில், இந்த அளவில் போட்டால் பதிவு செய்ய முடியாது என்று பெவின் பென்சிலில் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, பார்த்தேன், கோப்பில் வைக்கவும் என்று கிருபாநிதி. அதற்கும் கீழே, ஒப்புதல் என்று தலைவர், பச்சை மையில்.

"படத்தைக் கொஞ்சம் நகத்தி வைக்கலாமே" என்றார் ஜெயசிங்.

"ரெண்டாவது பக்கம், மூணாவது பாரா ஸார்" என்றார் கிருபாநிதி.

ஜெயசிங் வாசித்தார். ‘எக்காரணத்தை முன்னிட்டும் எமது பாட்டனாரின் திருவுருவப் படம் இடம்பெயர்க்கப்படலாகாது.’ அந்த வாக்கியத்தை எழுதிய இரவு, அதை மூன்று முறை உரக்க வாசித்து, மனைவி ஜெயபாயையும் கேட்கச் செய்திருந்தார். "யாரு பெயர்க்கப் போறா?" என்று அவள் கேட்டது இப்போது ஞாபகம் வந்தது.

"இதுவரைக்கும் வந்த இருநூத்திப் பதினோரு பேரும் அந்தக் கோட்டைப் பாத்துட்டுத்தான் போயிருக்காங்களா?" என்று கேட்டாள் ஷீஜா.

"பாதிப் பேரு. மீதிப் பேரு நாப்பத்தி மூணு பேருலயே போயிட்டாவ" என்றான் பெவின்.

மணி நான்கு பத்து. படத்தைச் சிறிதாக்க வேண்டும். அதற்கு வாரிசு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயசிங் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரில் தாத்தாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நாசரேத்திலிருந்து நடந்து வந்து இந்த ஊரில் முதல் பள்ளிக்கூடம் நடத்திய மனிதர். மாவட்டத் துரை வந்தபோதுகூடத் தலைப்பாகையை எடுக்காதவர். அவரைச் சிறிதாக்கலாம் என்று அவர் பேரன் கையெழுத்துப் போடுவதா. போடாவிட்டால், எழுநூறு வீட்டில் அழைப்பிதழ் இருக்கிறது. அன்றைக்கு எழுநூறு வீட்டாரும் வந்து காதுகுத்தில் நிற்பார்கள். சம்பந்தி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, எங்க தாத்தா மண்டபம் என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பார்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு பூட்டியிருந்தது. பூட்டில் ஒன்று அவர் வாங்கிப் போட்டது.

"அப்பா" என்றாள் ஷீஜா. "ஞாயித்துக்கிழம மூணாவது ஓலையில பாஸ்டர் ஐயரு ஆட்சேபம் உண்டான்னு கேப்பாங்க. பெரிய தாத்தா உண்டுன்னு சொல்லுதாங்கன்னு நான் எந்திரிச்சுச் சொல்லிரவா?"

ஜெயசிங் அவளை முறைத்தார். பிறகு கையை நீட்டினார். "ஒரு வெள்ளைத்தாள் குடுங்க."

முதல் கடிதம் மூன்று பக்கம். இது இரண்டு வரி. ‘என் பாட்டனாரின் படத்தைத் தேவைப்படும் அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். எடுக்கக் கூடாது.’ கடைசி இரண்டு சொற்களுக்கு அடிக்கோடு போட்டார்.

"இதுக்குத் தீர்மானம் போடணும்" என்றார் கிருபாநிதி. "குறைஞ்சது நாலு பேரு வேணும். நாம ரெண்டு பேருதான் இருக்கோம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால நோட்டீசு…"

தலைவர் எழுந்து நின்றார். இம்முறை உட்காரவில்லை. "இருவர் போதும். திருத்தினோம். நோட்டீஸ் வேண்டாம். திருத்தினோம். ஏகமனதாக நிறைவேறியது. பெவின், சீக்கிரம்."

பதினான்கு கூட்டங்களில் ஒன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. பதினைந்தாவது கூட்டம் முடிய எடுத்த நேரம், மூன்று நொடி விதிக்குப் பக்கத்தில் வந்தது.

பெவின் படத்தைப் பாதியாக்கினான். பக்கம் திறக்க நான்கு நிமிடம். பொத்தான் தெரியவில்லை. கால் பங்காக்கினான். இன்னொரு நான்கு நிமிடம். தலைப்பாகையும் தாடியும் திரைக்குள் வந்தன; பொத்தான் வரவில்லை.

"அந்த ஜெனரேட்டர் விளம்பரத்தைக் குறையேன்" என்றார் ஜெயசிங்.

"அது ஒப்பந்தம் போட்ட எடம் ஸார். குறைச்சா கேசு போடுவான்" என்றார் கிருபாநிதி. "ஐஸ் பெட்டியும் அப்படித்தான்."

"எந்த அளவுக்கு வந்தாத் தெரியும்?"

பெவின் பதில் சொல்லக் கூச்சப்பட்டான். கட்டைவிரல் நகத்தைக் காட்டினான். "தபால்தலை அளவு."

மணி நான்கு நாற்பத்தாறு. ஜெயசிங் சுவரைப் பார்க்கவில்லை.

"தலைப்பாகை தெரியுமா?"

"தெரியும் ஸார். உத்துப் பாத்தா."

"அப்ப வை."

நான்கு ஐம்பத்தொன்றுக்குத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பச்சைப் பொத்தான் வந்து நின்றது. பதிவு செய்க. அது அங்கே இரண்டு வருஷமாக இருந்திருக்கிறது. ஜெயசிங் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது கிளிக். அதற்குமேல் நாளைக் காலைதான்.

அழுத்தினார்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் கதவுப் பக்கம் போய் நின்றார். நான்கு ஐம்பத்தைந்துக்குத் திரையில் எழுத்து வந்தது. நீலத்தின் மேல் நீலம். சுடலைக்கண்ணன் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"பிப்ரவரி பன்னண்டு… ஜெயசிங் குடும்பம்… பதிவு ஆயிற்று. நன்றி… மீண்டும்…"

"வருக" என்றார் தலைவர். "வருகதான் அது. திற."

"நான் இன்னும் அங்கன வரல ஸார்" என்றார் சுடலைக்கண்ணன். வாசித்து முடித்த பிறகுதான் சாவியை அவிழ்த்தார்.

தலைவர்தான் முதலில் வெளியே போனார், யாரிடமும் விடைபெறவில்லை. ஷீஜா செருப்பை மாட்டும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டாள். ஜெயசிங் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து நான்காக மடித்து மேஜையில் வைத்துவிட்டு, சுவருக்கு முன் வந்து, காலரைச் சரிசெய்துகொண்டு, ஒரு நிமிடம் நின்றார். பிறகு போனார்.

மறுவாரம் மன்றம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தளத்துக்கு வரும் பார்வையாளர் ஆர்வம் மிகுந்து ஐந்தே முக்கால் மணி நேரம் தங்கிப் படிக்கிறார் என்றும், இது அடிப்படை விதிகளைச் செம்மையாகக் கடைப்பிடித்ததன் பலன் என்றும் அதில் இருந்தது. கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்க அனுமதி கொடுத்தார்கள். கல்யாணம் குறித்த தேதியில், குறித்த மண்டபத்தில் நடந்தது. சம்பந்தி வீட்டார் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை.

ஆனால் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. மகள் கல்யாணத்துக்காக ஜெயசிங் தன் தாத்தா படத்தையே இணையதளத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார் என்று அந்த மூன்று பேரும் சொல்லி வருகிறார்கள். அது தவறு. படம் எடுக்கப்படவில்லை. வலப்பக்கம், கீழ் மூலையில், ஜெனரேட்டர் வாடகைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. தலைப்பாகை தெரிகிறது.